முதலாம் தவணையும் முழு ஆண்டுத் தேர்வும்

தை, மாசி, பங்குனி. யாழ்ப்பாணத்தில் இந்த மூன்று மாதமும் பள்ளிக்கூடத்தின் தொடக்கம். திருச்சியில் இதே மூன்று மாதமும் முடிவு. இங்கே புதுக் கொப்பிக்கு உறை போடும் வேளையில் அங்கே திருப்புதல் தேர்வு நடக்கிறது. இங்கே மைதானத்தில் வெள்ளைக் கோடு போடும்போது அங்கே ஹால் டிக்கெட் அச்செடுக்கிறார்கள். உயர் வகுப்புப் பிள்ளையைப் பெற்றவர்களுக்குப் பள்ளியிலிருந்து மிக அதிகமாகச் செய்தி வருவது இரு கரையிலும் இந்தக் காலத்தில்தான். என் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் படிக்கிறார்கள், தங்கையின் பிள்ளைகள் திருச்சியில். இரண்டு வீட்டுக்கும் வரும் செய்திகளைப் பல வருடமாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வருகிறேன். இலங்கைப் பள்ளி பெற்றோரை 'வாருங்கள்' என்று அழைக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளி 'கவனமாக இருங்கள்' என்று சொல்லி அனுப்புகிறது. பெற்றோர் உண்மையில் அறிய வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ விடுபட்டுப் போகிறது.

யாழ்ப்பாணத்தில் முதலாம் தவணை என்றாலே, பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல மெய்வல்லுநர் போட்டிதான். பொங்கல் முடிந்த கையோடு பயிற்சி தொடங்கிவிடும். பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரும் முதல் செய்தி, இல்லத்தின் நிறத்தில் ஒரு ரீசேட் வேண்டும் என்பது. அடுத்தது அணிநடைக்கு வெள்ளைச் சப்பாத்து. பிறகு வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் அழைப்பிதழின் படம் வந்து விழும். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று மூன்று படியாகப் பெயர்கள் இருக்கும். அச்சிட்ட அட்டையும் பிள்ளையின் கையில் வரும். போட்டி முடிந்த சில நாளில் உதயன், வலம்புரி போன்ற நாளிதழ்களில் படத்தோடு செய்தி இருக்கும். ஒரு பள்ளி நிகழ்வுக்கு இவ்வளவு விளம்பரம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது தேவை என்றே படுகிறது. காரணம், அந்த அழைப்பை நம்பி வருகிற பெற்றோருக்கு மைதானத்தில் கிடைக்கும் செய்தி எந்த அட்டையிலும் இருப்பதில்லை.

போட்டிக்கு முந்தின நாள் பின்னேரம் இல்ல அலங்காரம் நடக்கும். தகப்பன்மார் கமுகஞ்சிலாகை கட்டி வளைவு எழுப்புவார்கள், தாய்மார் குருத்தோலை பின்னுவார்கள். போன முறை நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே நின்றவர் மேசன் வேலை செய்யும் ஒரு தகப்பன். பள்ளிக்கூட அலுவலகத்துக்குள் கால் வைக்கவே கூச்சப்படுகிறவர். கீழிருந்து கயிறு எடுத்துக் கொடுத்த வகுப்பாசிரியர் மெல்லச் சொன்னார்: "அண்ணை, தம்பி கணக்கில கொஞ்சம் பின்னுக்கு நிக்கிறான். விளங்கேல்லை எண்டு கேக்க வெக்கப்படுறான் போல. நீங்களும் ஒருக்கா கதைச்சுப் பாருங்கோ."

"ஓம் சேர், எனக்கும் அந்த யோசினை இருந்தது" என்றார் அவர், முடிச்சை இறுக்கியபடி.

அவ்வளவுதான் பேச்சு. தேர்ச்சி அறிக்கையில் அது சித்திரை வருடப்பிறப்புக்குச் சற்று முன்னர் ஓர் எண்ணாக வந்திருக்கும். இங்கே இரண்டு மாதம் முன்கூட்டி, யாருடைய முகமும் வாடாமல், வேலையோடு வேலையாகத் தகப்பனின் காதுக்குப் போய்விட்டது.

இதே மாதங்களில் பெரிய கிரிக்கெட் போட்டிகளும் வருகின்றன. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதும் வடக்கின் பெரும் சமர் மார்ச்சில் நடக்கும். ஊரே அறிந்த செய்தி என்பதால் பெற்றோருக்கு யாரும் தனியே சொல்வதில்லை. எந்த நாள் பாடம் நடக்கும், எந்த நாள் பிள்ளைகள் கொடியோடு தெருவில் நிற்பார்கள் என்பது பல வீடுகளில் அன்று காலையில்தான் தெரியவரும்.

திருச்சிக்கு வருவோம். 2025இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3 தொடங்கி 25 வரை நடந்தது. பத்தாம் வகுப்புக்கு மார்ச் 28 முதல் ஏப்ரல் 15 வரை. நடுவே பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு இருந்தது. 2018இல் தொடங்கிய அந்த வழக்கத்தை 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கைதான் கைவிட்டது. அதுவரை பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடம் தொடர்ந்து ஒரு குடும்பம் பொதுத்தேர்வுக்குள்ளேயே வாழ்ந்தது. ஆகவே ஜனவரி முதல் என் தங்கைக்கு வரும் செய்தி முழுவதும் அதைச் சுற்றித்தான் இருக்கும்: திருப்புதல் தேர்வு மதிப்பெண், மாலைச் சிறப்பு வகுப்பு நேரம், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, ஹால் டிக்கெட்டில் பெயரும் பிறந்த தேதியும் சரிதானா என்று பார்த்துச் சொல்லும்படி ஒரு குறிப்பு. தேர்வு முடிவுகூடப் பள்ளியில் பதிந்த கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வந்துவிடும். இந்த ஒழுங்கைப் பார்த்து எனக்குப் பொறாமை உண்டு. எங்கள் பரீட்சை அனுமதி அட்டையில் ஒரு பிழை இருந்தால் அதைத் திருத்த ஒரு தகப்பன் அலையும் அலைச்சல் எனக்குத் தெரியும்.

தமிழ்நாட்டிலும் ஆண்டு விழா உண்டு, விளையாட்டு விழா உண்டு. அரசுப் பள்ளிகளில் ஆண்டு விழா நடத்த அண்மை ஆண்டுகளில் அரசே பணம் ஒதுக்குகிறது. ஆனால் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் பெரும்பாலும் மேடையில் இருக்காது. அவர்களின் விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வாங்கிக்கொண்டுவிடுவார். எனவே அந்த வயதுப் பிள்ளையின் பெற்றோரைப் பள்ளி கூப்பிடும் ஒரே சந்தர்ப்பம் பெற்றோர் கூட்டம்தான். கையில் மதிப்பெண் பட்டியலோடு வரிசையில் நிற்க வேண்டும். ஆசிரியருக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. "நல்லாப் படிக்கிற பையன்தாங்க, இன்னும் கொஞ்சம் முயற்சி எடுத்தா போதும்" என்ற வாக்கியத்தோடு அடுத்தவர் வந்துவிடுவார். பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017இலேயே அரசு நிறுத்திவிட்டது. அதிக மதிப்பெண் எடுத்தவர்களின் படத்தோடு பள்ளி வாசலில் தொங்கும் பதாகை மட்டும் நிற்கவில்லை. தமிழ்நாடு மாநிலப் பெற்றோர் ஆசிரியர் கழகம் என்ற அமைப்பின் பெயரை ஊரில் பலரும் அறிந்திருப்பது அது வெளியிடும் வினா வங்கிப் புத்தகத்தால்தான். பெற்றோரும் ஆசிரியரும் சேரும் கழகம்கூடத் தேர்வுக்கான புத்தகமாகத்தான் வீட்டுக்குள் வருகிறது.

இவ்வளவு தேர்வுச் செய்திக்கு நடுவிலும் 2023இல் ஒன்று நடந்தது. அந்த மார்ச் 13இல் பிளஸ் டூ தமிழ்த் தாளை ஏறத்தாழ 50,000 மாணவர்கள் எழுத வரவில்லை. தமிழ்நாடே அதிர்ந்தது. பலர் மாதக்கணக்கில் பள்ளிக்கே வராமல் பதிவேட்டில் மட்டும் இருந்தவர்கள். அந்த மாதங்களில் அவர்களின் வீட்டுக்குப் பள்ளியிலிருந்து என்ன செய்தி போனது, எந்த எண்ணுக்குப் போனது, அந்த எண் யாரிடம் இருந்தது என்று யோசித்தால் மனம் கனக்கிறது. அடுத்த ஆண்டு மாணவர் விவரப் பதிவில் உள்ள பெற்றோரின் கைப்பேசி எண்களை ஓடிபி அனுப்பிச் சரிபார்க்கும் வேலையைப் பள்ளிக் கல்வித் துறை எடுத்துச் செய்தது. சலிப்பான வேலை. ஆனால் மிக அவசியமானது. இலங்கையில் இப்படி ஒரு சரிபார்ப்பு நடந்தால், கட்டாரில் இருக்கும் தகப்பனின் பழைய எண்ணும் குவைத்துக்குப் போன தாயின் அணைந்த எண்ணும் எத்தனை பதிவேட்டில் இருக்கின்றன என்று தெரியவரும். பிள்ளையை வளர்க்கும் அம்மம்மாவின் எண் அதில் இருக்காது.

தமிழ்நாடு எங்களைவிட முன்னே நிற்கும் இடம் இன்னொன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்குமானது என்றாலும் தமிழ்நாடு தன் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் அந்தக் குழுவை நடத்துகிறது. 2022இல் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது பெற்றோரைப் பெருமளவில் பள்ளிக்கு வரவழைத்தார்கள். தலைவர் பெற்றோரில் ஒருவர்தான், அதிலும் தாய்மாருக்கே முதலிடம். தீர்மானங்களைப் பெற்றோர் செயலியில் ஏற்றுகிறார்கள். தேர்வுக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் போகும் பொறுப்பையும் 2023இல் இந்தக் குழுக்களிடம் கொடுத்தார்கள். தெருவில் அறிந்த முகம் வந்து கதவைத் தட்டுவதற்கும் அலுவலகக் கடிதம் வருவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் அதிபர். பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிப்பார்கள், மதில் பற்றியும் மண்டபக் கூரை பற்றியும் பேசுவார்கள். காசு தருபவரின் சொல் அங்கே எடுபடும். அது பெரும்பாலும் பழைய மாணவர் சங்கம், பல பள்ளிகளுக்கு லண்டனிலும் டொரண்டோவிலும் கிளை உள்ள சங்கம். அவர்கள் தந்த பணத்தால் போருக்குப் பின் எழுந்த கட்டடங்கள் பல, அதை நன்றியோடுதான் சொல்கிறேன். ஆயினும் ஒன்று உறுத்துகிறது. எங்கள் மைதானத்தில் நடக்கும் ஓட்டப் போட்டியை டொரண்டோவில் இருப்பவர் நேரலையில் பார்க்கிறார். இரண்டு மைல் தள்ளி வெங்காயத் தறையில் நிற்கும் தாய்க்குத் தன் மகள் நீளம் பாய்தலில் முதலாவதாக வந்தது பொழுதுபட்டபின் தெரிகிறது.

நாட்காட்டியே நிலையில்லாமல் போன துன்பமும் எங்களுக்கு இருக்கிறது. கொரோனாவுக்கும் பொருளாதார நெருக்கடிக்கும் பிறகு பள்ளி ஆண்டு 2023இல் மார்ச் 27இலும், 2024இல் பெப்ரவரி 19இலும், 2025இல் ஜனவரி 27இலும் தொடங்கியது. டிசம்பரில் நடந்துவந்த சாதாரணதரப் பரீட்சை 2025இல் மார்ச் 17 முதல் 26 வரை வந்து முதலாம் தவணையை இரண்டாகப் பிளந்தது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானை ஒட்டிய விடுமுறை தனி. இந்த நிலையில் 'நாளை பாடசாலை இல்லை' என்று யாரோ செய்த ஒரு படம் வட்ஸ்அப்பில் ஓடினால் நம்பாமல் என்ன செய்வது? ஓர் எளிய தாள், மூன்று தேதிகள், அதிபரின் கையொப்பம் போதும். அதைத் தவணையின் முதல் வாரத்தில் தரும் பள்ளிகளை விரல்விட்டு எண்ணலாம்.

கூட்டம் வைக்கும் நேரத்தில் இரு கரையும் ஒரே தவறைச் செய்கின்றன. காலை பத்து மணி. மலையகத்தில் கொழுந்தெடுக்கும் தாய் பத்து மணிக் கூட்டத்துக்குப் போனால் அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான், சில தோட்டங்களில் அதுவும் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்டில் நிற்கும் தகப்பனுக்கும் நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்க்கும் அதே கணக்கு. வராதவர்களைப் பள்ளி 'அக்கறை இல்லாதவர்கள்' என்று எழுதிவிடுகிறது. ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்துத்தான் அக்கறையைக் காட்ட வேண்டும் என்று மாதச் சம்பளக்காரரை நாங்கள் கேட்பதில்லை.

மொழியும் தடையாகிறது. தங்கை பிள்ளைகள் படிக்கும் ஆங்கில வழிப் பள்ளியில் சுற்றறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் வரும். வகுப்பில் பாதிப் பெற்றோர் அதைப் பிள்ளையிடம் கொடுத்துத்தான் வாசித்துக் கேட்கிறார்கள். தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே வாசித்துச் சொல்லும் பிள்ளை அதில் எதை விடும் என்று சொல்ல வேண்டுமா? எனக்குத் தெரிந்த வகுப்பாசிரியை ஒருவர் கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறார். எழுதி அனுப்புவதை விட்டுவிட்டு, இரவு ஏழு மணிக்குப் பிறகு ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்புகிறார். நாளைக்கு இன்னது, இந்தக் கிழமை இன்னது. ஒரு பிள்ளையின் பெயரையும் குழுவில் குறைவாகச் சொல்லமாட்டார், அதற்குத் தனியே அழைப்பார். எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு பாட்டி அவருக்குத் திரும்பக் குரல் பதிவு அனுப்பிப் பேரனுக்குக் காய்ச்சல் என்று சொல்கிறாராம். ஒரு செயலியும் இல்லாமல் இருவழிப் பேச்சு நடக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, இரண்டு நாட்டிலும் எந்தப் பள்ளியும் அனுப்பாத ஒரு செய்தி. திருப்புதல் தேர்வில், முதலாம் தவணைச் சோதனையில் தொடர்ந்து விழும் பிள்ளையின் வீட்டுக்கு மதிப்பெண் போகிறது, எச்சரிக்கை போகிறது, சில இடங்களில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்லும் மிரட்டலும் போகிறது. அந்தப் பிள்ளைக்கு அடுத்து என்ன வழி என்று யாரும் எழுதுவதில்லை. தமிழ்நாட்டில் தோற்ற பாடத்தை ஜூன், ஜூலையிலேயே துணைத்தேர்வாக எழுதி அதே ஆண்டு மேலே போகலாம். தொழிற்பயிற்சிக்கு ஐடிஐ இருக்கிறது. இலங்கையில் 2017இல் தொடங்கிய 13 வருடக் கல்வித் திட்டத்தின்படி சாதாரணதரத்தில் சித்தியடையாத பிள்ளையும் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொழிற்பாடத் துறையில் உயர்தரம் தொடரலாம். இதை அறியாமல் பிள்ளையைக் கடையில் நிற்க விட்ட பெற்றோரை எனக்குத் தெரியும். முடிவு வந்தபின் சொன்னால் பிந்திவிடும், வீடு அப்போது அழுதுகொண்டிருக்கும். மாசியிலேயே, அழைப்பிதழோடும் ஹால் டிக்கெட்டோடும் சேர்த்து, வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி அந்தத் தாள் போகட்டும். யாருக்கு வேண்டியது என்று எவரும் சுட்டிப் பார்க்க இடமிருக்காது. அடுத்த தேர்வு எந்த மாதம், எந்தப் பள்ளியில் எந்தத் துறை உண்டு, விண்ணப்பம் எங்கே வாங்குவது, நம் பள்ளியில் யாரை எந்த நேரத்தில் வந்து கேட்கலாம் என்ற விவரங்கள் அதில் இருந்தால் போதும். கேட்கும் நேரம் மாலை ஆறுக்குப் பிறகும் இருக்க வேண்டும்.