லடாக்கின் சூளி மரம்

லடாக்கில், சிந்து நதியை ஒட்டிய ஷாம் பகுதி ஊர்களில், வீட்டுச் சுவரோரம் ஆப்ரிகாட் மரம் நிற்கும். அங்கே அதைச் சூளி என்பார்கள். ஏப்ரலில் ஓர் இலைகூடத் துளிர்க்காத கிளைகளில் பூ அடைத்துக்கொண்டு பூக்கும், வெள்ளைக்குள் இளஞ்சிவப்பு. அப்போது ஒரே இரவு கடும் உறைபனி பிடித்தாலும் அந்த ஆண்டுக் காய்ப்பு போய்விடும். குளிரை யாராலும் தடுக்க முடியாது. தண்ணீர் மட்டும் கையில் இருக்கிறது. மலையில் பனி உருகி வாய்க்காலில் வருவதை முறைவைத்துத் திருப்புகிறார்கள். மண்வெட்டியால் ஒரு கொத்து, மடை திறந்துகொள்ளும்; பாத்தி நிறைந்ததும் ஈர மண்ணை அள்ளி வைத்து மிதித்தால் மூடிக்கொள்ளும். காய்ந்த மண் தண்ணீரைச் சளசளவென்று உறிஞ்சும் சத்தம் எனக்கு அலுக்கவே அலுக்காது.

கோடையில் பழம். மெல்லிய பூனைமயிர் போர்த்த தோல், வெயில் பட்ட கன்னத்தில் மட்டும் செம்மை. பழுத்ததா என்று அறிய நிறம் போதாது. காம்போரம் விரலை வைத்து லேசாக அழுத்திப் பார்த்துத்தான் பறிக்கிறார்கள். நன்றாகக் கனிந்ததை ஒரு பக்கம் ஓடும் வகிட்டின் வழியே கட்டைவிரலால் பிளந்தால், கொட்டை சதையை விட்டு வழுக்கிக்கொண்டு வரும். அதை உடைப்பதுதான் நுட்பம். பலமாக அடித்தால் பருப்பு நசுங்கிவிடும். கல்மேல் விளிம்பில் நிறுத்தி ஒரே ஒரு தட்டு. கசப்புப் பருப்பு எண்ணெய்க்குப் போகும். ரக்சே கார்ப்போ என்ற வகையின் வெள்ளைக் கொட்டைக்குள் இருக்கும் இனிப்புப் பருப்பு நேராக வாய்க்கு.