புற்றுநோய்க் குழந்தைகளும் ஸ்கேன் கதிர்வீச்சும்

ஹாட்கின் லிம்ஃபோமா வந்த சிறுவனுக்கு நோயைக் கண்டறியும்போது ஒரு பெட்-சி.டி., இரண்டு சுற்று கீமோ முடிந்ததும் இன்னொன்று, அதன்பின் நோய் திரும்புகிறதா என்று பார்க்க ஆண்டுக்கணக்கில் சி.டி. ஸ்கேன்கள் என்பது நெடுங்கால வழக்கம். ஒரு பெட்-சி.டி.யிலேயே 10 மில்லி சீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு ஏறலாம். இயற்கையிலிருந்து மனிதர் பெறும் ஆண்டுச் சராசரியோ 2.4 மில்லி சீவர்ட்தான். ஸ்கேன் கதிர்வீச்சைக் குறைக்கும் முயற்சிக்கு 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘இமேஜ் ஜென்ட்லி’ இயக்கம் வேகம் தந்தது.

கவலைக்கு ஆதாரம் உண்டு. பிரிட்டனில் 22 வயதுக்குள் சி.டி. எடுத்துக்கொண்ட 1,78,000க்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வு 2012இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. எலும்பு மஜ்ஜையில் மொத்தம் 50 மில்லி கிரே (திசு உறிஞ்சும் கதிரின் அலகு) அளவு சேர்ந்தவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது அது. மூன்று மடங்கு என்றதும் பெற்றோர் பதறுவது இயல்பு. ஆனால் அடிப்படை வாய்ப்பே மிகச் சிறியது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் தரவைத் திரட்டிய 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி, 10,000 குழந்தைகளுக்கு இன்றைய அளவில் ஒரு சி.டி. எடுத்தால் அடுத்த 12 ஆண்டுகளில் ஒருவருக்கோ இருவருக்கோ அதனால் ரத்தப் புற்றுநோய் வரலாம்.

இந்த எண்களைப் புற்றுநோய்க் குழந்தைக்கு அப்படியே பொருத்துவதில்தான் முதல் சிக்கல். பிரிட்டன் ஆய்வு, முன்பே புற்றுநோய் வந்தவர்களைக் கணக்கிலிருந்து நீக்கியது. கதிர்வீச்சு சிகிச்சையில் கட்டிக்குப் போவது சுமார் 20 கிரே, அதாவது 20,000 மில்லி கிரே; எட்டோபோசைட் போன்ற மருந்துகளே பின்னாளில் ரத்தப் புற்றுநோயை வரவழைக்கக்கூடும். இவற்றின் பக்கத்தில் ஸ்கேனின் பங்கு சிறிதுதான். அதற்காக அலட்சியம் கூடாது: லி-ஃபிராமெனி பரம்பரைக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு கூடுதல் ஆபத்து என்பதால், அவர்களின் கண்காணிப்பில் எம்.ஆர்.ஐ.யே முதன்மை.

குறைப்பு முயற்சியின் உண்மையான வெற்றி, தேவையற்ற ஸ்கேனை அடையாளம் காட்டியதே. ஹாட்கின் நோயிலிருந்து மீண்ட 216 பேரைத் தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 25 பேருக்கு நோய் திரும்பியது. அவர்களில் 19 பேருக்கு அதைக் காட்டியது அறிகுறியும் உடல் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும்தான். ஸ்கேனில் முந்திக் கண்டதால் யாரும் கூடுதல் நாள் வாழ்ந்ததாகவும் தெரியவில்லை. எடுக்காமல் விட்ட ஸ்கேன் மிச்சப்படுத்தும் அளவை எந்தக் கருவியும் மிச்சப்படுத்த முடியாது.

எடுத்தே தீர வேண்டிய ஸ்கேனில் கவனம் கருவி அறைக்கு நகர்கிறது. 15 கிலோ குழந்தைக்குப் பெரியவர்களுக்கான மின்னழுத்தமும் மின்னோட்டமும் வைத்தால் தேவைக்கு மிஞ்சிய கதிர் பாயும். சாய மருந்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்று வயிற்றைப் படமெடுத்தால் அளவு இரட்டிப்பாகும். பெரும்பாலும் ஒரு முறையே போதும். அளவை எல்லைமீறிக் குறைத்தாலோ படம் மங்கி, மீண்டும் எடுக்க நேர்ந்து, மிச்சம் பிடித்தது வீணாகும். ஈயக் கவசமும் இப்படித்தான்: கதிர் பாயும் வழியில் அது நுழைந்துவிட்டால், தானியங்கிக் கட்டுப்பாடு அதைத் தடித்த உடலென்று எண்ணிக் கதிரைக் கூட்டிவிடலாம். பிறப்புறுப்புக் கவசத்தை வழக்கமாக வைப்பதைக் கைவிடும்படி அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் பரிந்துரைத்தது.

எம்.ஆர்.ஐ. கதிரற்றது, ஆனால் விலையற்றதல்ல. நீண்ட நேரம் அசையாமல் கிடக்க வேண்டியிருப்பதால் சின்னஞ்சிறு குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படும். அதற்கு வெறும் வயிறு, ஊசி, மூச்சுக் கண்காணிப்பு. நுரையீரலின் சிறு முடிச்சுகளைக் காண்பதில் சி.டி.க்கு எம்.ஆர்.ஐ. ஈடாகாது. நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று அறியும் முதல் ஸ்கேனைக் கதிருக்குப் பயந்து தள்ளிப்போடுவது இந்த முயற்சியின் மிக மோசமான விளைவு. அங்கே தவறினால் சிகிச்சையே தவறிப்போகும்.

குழந்தை இதுவரை வாங்கிய மொத்த அளவைப் பதிவேட்டில் கூட்டி வைப்பதும் பரவிவருகிறது. மருத்துவமனைகளை ஒப்பிட அது உதவும். ஆனால் ஆபத்து அளவுக்கு நேர்விகிதத்தில் ஏறுவதாகவே கணக்கிடப்படுகிறது. அப்படியானால் பத்தாவது ஸ்கேன் சேர்ப்பது முதலாவது சேர்த்த அளவுதான். முன்பே ஒன்பது எடுத்தாயிற்று என்பது பத்தாவதை மறுக்கக் காரணமாகாது. அதன் விடை சிகிச்சையை மாற்றாது என்றால் மட்டுமே அது காரணம்.