உழைச்செல்வான் யார்?

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறள், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்று வரையறுக்கின்றது. முதல் மூன்றும் வெளிப்படை. நான்காமவன் யாவன் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பரிமேலழகர் அவனை மருந்தைப் பிழையின்றி இயற்றுவான் என்றார். அவனுக்குரிய இயல்புகளுள் நோயாளிமாட்டு அன்புடைமையை முதலில் வைத்தார். அவ்வரிசை போற்றத்தக்கதே. ஆயினும், 'உழை' என்பதற்குப் பக்கம் என்னும் பொருளும் உண்டு. நோயாளியின் பக்கத்தே நிற்பவன் என்று கொள்ளுதல் இன்னும் சிறக்கும். மருந்து கைக்கு வருமுன்பும் நோயாளி நோயாளியே அன்றோ?

பினாங்கு ஜார்ஜ் டவுன் பொது மருத்துவமனை, மாநிலத்தின் மிகப் பெரிய அரசு மருத்துவமனை. மலேசிய அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகைப்படுத்துவது வழக்கம். முதலில் வந்தவரை அன்று, முதலில் காக்கப்பட வேண்டியவரைக் கவனிப்பதே அதன் நோக்கம். 949ஆம் குறள் கூறும் நெறியும் இதுவே. ஆனால் அக்குறள் நோயாளியின் அளவு, நோயின் அளவு என்னும் இரண்டோடு காலத்தையும் கருதச் சொல்கின்றது. காலையில் பச்சையாக அமர்ந்தவர் நண்பகலில் சிவப்பாதல் கூடும். ஆகவே, காத்திருப்போரிடையே சென்று மீண்டும் மீண்டும் பார்க்க ஒருவர் வேண்டும்.

அவ்வொருவர் இல்லையேல் என்னாகும்? 2008 செப்டம்பரில் கனடாவின் வின்னிபெக் நகரில், பிரையன் சின்க்ளேர் என்னும் பழங்குடியினர், அவசரப் பிரிவில் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே 34 மணி நேரம் காத்திருந்து மாண்டார். அவர்க்கு இருந்தது குணப்படுத்தக்கூடிய சிறுநீர்ப்பைத் தொற்று. அவர் பெயர் நோயாளிகளுள் பதிவாகவே இல்லை. ஊழியர் சிலர் அவரைக் குடித்தவர் என்று எண்ணினர். காத்திருந்த பிறர் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. 2014இல் வெளிவந்த விசாரணை அறிக்கை 63 பரிந்துரைகளைத் தந்தது. அங்கே தீர்ப்பானும் இருந்தான், மருந்தும் இருந்தது, உழைச்செல்வான் இல்லை.

உறவினரே உழைச்செல்வார் என்பர் சிலர். தனியே வந்த முதியவர்க்கு யார் உறவினர்? கூட்டம் மிகுதி, தாதியர் குறைவு என்பர் வேறு சிலர். உண்மையே. கூட்டம் தாமதத்திற்குக் காரணமாகலாம். ஒருவரைக் காணாதிருத்தற்குக் காரணமாகாது.

வாயிலைக் கடந்த கணமே நோயாளி மருத்துவமனையின் பொறுப்பாகிறார். காத்திருக்கும் கூடத்தில் இந்நேரத்துக்கு இவர் பொறுப்பு என ஒருவரை அமர்த்துதல் சலுகையன்று, கடமை. வள்ளுவர் உழைச்செல்வானை ஏவலாளாக வைக்கவில்லை. மருத்துவத்தின் காற்பங்காக வைத்தார். இக்குறளைக் கற்பிக்கும் ஆசிரியர் அக்காற்பங்கை மாணவர்க்கு மறவாது உணர்த்துதல் வேண்டும்.