217 அடிக் கோபுரமும் அடியில் நின்றவர்களும்

திருவண்ணாமலைக் கோயிலைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வரலாறு சொல்லித் தரப்படுகிறது. வாசலில் விற்கிற தலவரலாற்றுப் புத்தகம் சொல்வதையே வழிகாட்டியும் சொல்கிறார். ராஜகோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் கட்டத் தொடங்கினார், தஞ்சை செவ்வப்ப நாயக்கர் கட்டி முடித்தார். 11 நிலை, 217 அடி. இந்தக் 'கட்டினார்' என்கிற வினைச்சொல்லைத்தான் முதலில் பிடித்து நிறுத்திக் கேட்கவேண்டும். ராயர் கல்லு சொமந்தாரா? நாயக்கர் சாரத்துல ஏறினாரா? இலக்கண வகுப்பில் 'தோன்றா எழுவாய்' என்று ஒன்று படித்தோம். வினை இருக்கும், செய்தவன் பெயர் வெளியில் தெரியாது. நம்ம ஜனங்க இந்த வரலாற்றில் அப்படித்தான் இருக்கிறார்கள்.

கல்வெட்டில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இந்தக் கோயிலின் கல்வெட்டுகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் தொகுத்து வெளியிட்டது. ஆனால் கல்வெட்டு என்பது பெரும்பாலும் தானப் பத்திரம். கொடுத்தவன் பேர் இருக்கும், நிலத்தின் எல்லை இருக்கும், விளக்கெரிக்க விட்ட மாடு ஆட்டின் கணக்கிருக்கும். அந்த நிலத்தில் நாற்று நட்டவள் பேர் எதற்கு வரப்போகிறது? நம்ம தெரு பேர் வருகிற கல்லும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டில், வரியில்லாத இடங்களின் பட்டியலில் சுடுகாட்டோடு சேர்த்துப் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வருகிறது. தீண்டாமை வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருநாள் போய் அந்தக் கல்லைப் படித்துவிட்டு வரட்டும்.

வல்லாளன் கதைக்கு வருவோம். போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் திருவண்ணாமலையில் இருந்து ஆண்டவன். 1340களின் தொடக்கத்தில் மதுரை சுல்தானோடு நடந்த சண்டையில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதில்மேல் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்ததாக இபின் பதூதா எழுதியிருக்கிறார். இது வரலாறு. புராணம் வேறு மாதிரிப் போகிறது. பிள்ளையில்லாத அவனுக்கு அருணாசலேசுவரரே குழந்தையாகிறார். எல்லப்ப நாவலரின் அருணாசலப் புராணம் இதைப் பாடுகிறது. இன்றைக்கும் மாசி மகத்தில் சாமி பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போய் வல்லாளனுக்கு மகனாக நின்று திதி கொடுக்கிறார். ஜனம் கூடி நின்று பார்க்கிறது. அழகான கதைதான், மறுக்கவில்லை. சாமிக்கே சாவுத் தீட்டு! ராஜாவுக்காகச் சாமி எந்த எல்லை வரைக்கும் இறங்குகிறார் பாருங்கள்.

இதே சாமி நந்தனுக்கு என்ன செய்தார்? பெரியபுராணத்தின்படி திருப்புன்கூரில் நந்தியைக் கொஞ்சம் விலகச் சொன்னார். மாடு நகர்ந்தது, வாசல் திறக்கவில்லை. தில்லையில் தீயில் இறங்கி வரச் சொன்னார். ராஜாவுக்காகத் தீட்டைத் தானே ஏற்றுக்கொள்கிற சாமி, பறையனின் தீட்டை மட்டும் நெருப்பில் எரிக்கச் சொல்கிறார். இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற வேலையை நம்ம தமிழ்த்துறை ஆய்வேடுகள் செய்வதில்லை. தலவரலாற்றைப் படியெடுத்துப் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

'கோபுர தரிசனம் கோடி புண்ணியம்' என்கிற பழமொழியும் யோசிக்கவேண்டியது. உள்ளே போகிறவனுக்கு இந்தப் பழமொழி எதற்கு? சின்ன வயசில் தேர்த் திருவிழாவுக்கு மூட்டை கட்டிக்கொண்டு நடந்து வந்ததை என் ஆயா சொல்வாள். "தேரடித் தெருவுல நின்னு கோபுரத்தைப் பாத்து ஒரு கும்புடு, அவ்ளோதாண்டா. உள்ள இன்னா சாமி இருக்குன்னே தெரியாது." மலைமேல் ஏற்றுகிற கார்த்திகை தீபம் மட்டும் சேரிக்கும் தெரிந்தது, அதை மறைக்க மதில் கட்ட முடியாதே. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். கோபுரத்தின் வயதோடு ஒப்பிட்டால் அது நேற்று.

கோயிலே நமக்கு எதுக்கு தோழர் என்று கேட்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயம். நாசிக் காளாராம் கோயில் வாசலில் 1930இல் போராட்டம் தொடங்கிய அம்பேத்கரே, சிலையை வணங்க அதைத் தொடங்கவில்லை, தம் நிலையை நம் மக்கள் உணர்வதற்கே என்று 1934இல் சொல்லிவிட்டார். நானும் கும்பிடப் போகவில்லை. ஆனால் வாசல் யாருடையது என்கிற கேள்வி பக்தியோடு முடிகிற கேள்வி இல்லை.

இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் முதன்முதலாகக் கால்வைத்தது 2023 ஜனவரி 30 அன்று. ஏறத்தாழ 80 வருசம் வெளியே நிறுத்தப்பட்டவர்கள். ஏதோ தனியார் கோயில் அல்ல, அறநிலையத் துறையின் கோயில். கலெக்டரும் போலீசும் கூடவே நின்றுதான் உள்ளே போக முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலுக்குள்ளும் அப்படித்தான் போனார்கள்.

அருணாசலேசுவரர் கோயிலும் அதே துறையின்கீழ்தான் இருக்கிறது. தலவரலாற்றில் வல்லாளனுக்கு அத்தனை பக்கம் கொடுக்கிறவர்கள், அடுத்த பதிப்பில் 1947க்கு ஒரு பக்கமும் தென்முடியனூருக்கு ஒரு பக்கமும் தேதியோடு போடட்டும்.