முதியோர் கல்வியில் கற்போரின் சொல்: ஒரு மதிப்பீடு

1988ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசிய எழுத்தறிவு இயக்கம் 15 முதல் 35 வயது வரையுள்ளோரைத் தன் முதன்மை இலக்காகக் கொண்டது. ஆயினும் அவர்களுக்குரிய கல்வி தமிழில் 'முதியோர் கல்வி' என்றே வழங்கியது. இருபது வயதினரையும் முதியோர் எனச் சுட்டும் இவ்வழக்கு, கற்பவர் யார் என்பதை நோக்காது கருத்தை மட்டும் பெயர்த்ததன் விளைவு எனலாம். பயிற்றுமுறையைப் பெயர்ப்பதிலும் இதே இடர்ப்பாடு உண்டு.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெயிரே 1963இல் அங்கிகோஸ் என்னும் ஊரில் மேற்கொண்ட எழுத்தறிவுப் பணி உலகெங்கும் முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. கற்போர் நாள்தோறும் வழங்கும் சொல்லை எடுத்து, அசைகளாகப் பகுத்து, ஒவ்வோர் அசைக்கும் உரிய இனத்தைக் காட்டி, அவற்றால் புதிய சொற்களை ஆக்கச் செய்வது அவர் முறை. செங்கல்லைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லின் முதலசையிலிருந்து த, தெ, தி, தொ, து என்னும் வரிசை பெறப்படும். தமிழில் உயிர்மெய் வரிசையே அசையினமாக அமைந்திருத்தலின், இம்முறை எளிதிற் பொருந்தும் எனத் தோன்றும்.

ஆனால் இம்முறையின் அடிப்படை அசைப்பகுப்பு அன்று. கற்பவரின் வாயில் வழங்கும் சொல்லே ஆகும். இரட்டை வழக்குடைய தமிழில் அச்சொல் ஏட்டில் வேறு வடிவம் பெறுகிறது. 'நெலம்' என்பவர் 'நிலம்' என்றும், 'கொடம்' என்பவர் 'குடம்' என்றும், 'எல' என்பவர் 'இலை' என்றும் படிக்க வேண்டியவராகிறார். முறையை மட்டும் பெயர்த்துக்கொள்ளும் பாடநூல் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை. அதனால் கற்பவர் தம் சொல்லைப் பிழையெனக் கொள்ள நேர்கிறது. பகலெல்லாம் உழைத்து மாலையில் வகுப்புக்கு வருபவரை நாணச்செய்து விலக்கிவிட இது போதும்.

இவ்வேறுபாடு ஒழுங்கற்றதன்று. முதலசையின் குற்றியல்பான இகர உகரங்கள், தனிமெய்யை அடுத்து அகரமோ ஐகாரமோ வரின், பேச்சில் பெரும்பாலும் எகர ஒகரங்களாகத் திரிகின்றன. எனவே ஏட்டு வடிவத்திலிருந்து பேச்சு வடிவத்தை உய்த்துணர்தல் எளிது. மறுதலையாக, பேச்சிலிருந்து ஏட்டு வடிவத்தை உய்த்துணர்தல் அரிது. 'நெலவு' என்பதை 'நிலவு' என எழுத வேண்டும். 'செலவு' என்பதையோ அவ்வாறே எழுத வேண்டும். ஆகவே சொல்வதெழுதலில் 'நெலம்' என எழுதுபவர் ஒலியை நுட்பமாகக் கேட்டு எழுதியவரே ஆவார். அதனை அறியாமையாகக் கருதாது, கற்பித்தற்குரிய தொடக்கமாகக் கொள்ளுதல் வேண்டும்.

பாடநூலைப் பேச்சுத்தமிழிலேயே எழுதலாம் என்பாரும் உளர். வட்டார வழக்குகள் பலவாதலானும், கற்போர் நாடுவது மனு, வங்கிப் படிவம், செய்தித்தாள் ஆகியவற்றின் தமிழேயாதலானும் இது முழுத்தீர்வு ஆகாது. கூலி, வீடு, ஏரி, பட்டா போன்று இருவழக்கிலும் ஏறத்தாழ ஒத்தமையும் சொற்களில் தொடங்கி, ஒழுங்கான திரிபுடைய சொற்களுக்குப் படிப்படியாகச் செல்லுதலே பொருத்தமாகும்.

அளவுகோலும் மறு ஆய்வுக்குரியது. உரக்கப் படித்தலில் நிமிடத்திற்கு 30 சொற்கள், சொல்வதெழுதலில் 5 சொற்கள் என அவ்வியக்கம் எல்லா மொழிகளுக்கும் ஒரே அளவை வகுத்தது. 'வீட்டிலிருந்து' எனத் தமிழில் ஒரு சொல்லாக எழுதப்படுவது இந்தியில் 'கர் ஸே' என இரண்டாகும். ஒட்டுநிலை மொழியைக் கற்பவர் அதே எண்ணிக்கையை எட்டக் கூடுதல் எழுத்துகளைப் படிக்க வேண்டியுள்ளது. சொல்லை விடுத்து அசையை அலகாகக் கொள்வது ஓரளவு நேர்மையான ஒப்பீட்டுக்கு வழிவகுக்கும்.

2022இல் ஒப்புதல் பெற்ற புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தையொட்டி, மத்தியக் கல்வி அமைச்சகம் 'முதியோர் கல்வி' என்பதற்கு மாற்றாக 'அனைவருக்கும் கல்வி' என்னும் பொருள்படும் தொடரை ஏற்றது. பெயர் மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆயினும், மொழியின் இலக்கணத்தை முன்னரே தம்முள் கொண்டு வகுப்பறைக்கு வருபவர் இவர் என்னும் உண்மை பாடநூலிலும் தேர்விலும் இடம்பெறும்போதே அம்மாற்றம் பொருளுடையதாகும்.