உதவி எண்ணும் உற்ற தோழியும்

பிளஸ் டூ, நீட் முடிவுகள் வரும் நாட்களில் 104 என்ற உதவி எண் செய்திகளில் தவறாமல் இடம்பெறுகிறது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி மனநலச் சேவையின் எண் 14416. சென்னையில் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986 முதலே இயங்கிவருகிறது. தற்கொலை எண்ணத்தோடு தவிக்கும் பதின்வயதினருக்கு இந்த உதவி எண் ஏற்பாடு எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

இதன் பலம் பெரிது. 104க்கும் 14416க்கும் நள்ளிரவிலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. முகம் தெரியாதவரிடம் பேசுவதால் 'மெண்டல்' என்ற பட்டம் விழாது. தற்கொலை எண்ணத்தின் வேகம் பெரும்பாலும் தணியக்கூடியது. தணியும்வரை ஒரு குரல் கூடவே இருந்தால் உயிர் தப்பும்.

ஆனால், எண் காத்திருக்கிறது. பிள்ளைதான் தேடி வரவேண்டும். 'நானே பாத்துக்குவேன்' என்ற வீம்பும் 'வீட்டுக்குத் தெரிஞ்சா என்னாகும்' என்ற பயமும் சேர்ந்த வயது அது. பல வீடுகளில் கைபேசி அம்மாவுடையது. அழைத்த எண் அதில் பதிவாகி நிற்கும். ஒற்றை அறை வீட்டில் எந்த மூலையில் நின்று பேசுவது?

வாய் திறந்தாலும் பலர் முதலில் திறப்பது நண்பர்களிடம்தான். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்ற பீடிகையோடு அது வருகிறது. கேட்ட தோழி சத்தியத்துக்கும் உயிருக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறாள். அடுத்து என்ன செய்வதென்று அவளுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

2015இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வொன்று இங்கே கவனிக்கத்தக்கது. பத்து ஐரோப்பிய நாடுகளின் 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களிடையே தற்கொலையைத் தடுக்கும் மூன்று வழிகள் சோதிக்கப்பட்டன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதும், வினாத்தாள் மூலம் பிள்ளைகளைச் சலித்தெடுப்பதும் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. மாணவர்களே நடித்தும் விவாதித்தும் மனநெருக்கடியைப் பற்றிக் கற்ற பள்ளிகளில், ஓராண்டுக்குப் பின் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன.

ஐரோப்பிய வகுப்பறை நம்முடையதல்ல. அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. பதினைந்து வயதுத் தோழியை ஆலோசகராக்கிப் பாரம் ஏற்றுவதும் தவறு. அவள் செய்யவேண்டியது மூன்றுதான்: பதறாமல் கேட்பது, தனியே விடாமல் இருப்பது, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்வது. அவளே 14416க்கு அழைத்தும் வழி கேட்கலாம்.

உதவி எண்ணைக் கைவிடச் சொல்லவில்லை. முடிவு வரும் வாரத்தில் மட்டும் அதை அறிவித்துவிட்டு ஓய்வதைத்தான் கைவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே, எண்ணோடு சேர்த்து இதையும் சொல்லித்தர வேண்டும்: இந்த ஒரு சத்தியத்தை மீறலாம், மீறியே ஆகவேண்டும்.