முழு மதிப்பெண் எவ்வளவு முழுமையானது?

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்பும் மாணவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வு 1926-இல் தொடங்கியது. காலேஜ் போர்டு என்னும் அமைப்பு இதை நடத்தி வருகிறது. ஒவ்வொரு பிரிவிலும் மிகக் குறைந்த மதிப்பெண் 200. மிக உயர்ந்தது 800. 800 பெற்றவர் எல்லா விடைகளையும் சரியாக எழுதியவர் என்றுதானே நினைப்போம்? அப்படி இருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கேள்வியில் தவறியவர் பல படிகள் கீழே இறங்கிவிடுவதும் உண்டு. இந்த விந்தைக்குக் காரணம் என்ன?

தேர்வு ஆண்டுக்குப் பல முறை நடைபெறுகிறது. எல்லா வினாத்தாள்களும் ஒரே அளவு கடினமாக அமைவதில்லை. எனவே ஒவ்வொரு தாளின் கடினத்தையும் முந்தைய தாள்களோடு புள்ளியியல் முறையில் ஒப்பிட்டு, காகிதத்தில் நடந்த தேர்வில் சரியான விடைகளின் எண்ணிக்கையைப் பொது அளவுகோலுக்கு மாற்றினார்கள். இதைச் சமன்படுத்துதல் எனலாம். கெட்டிக்காரர்கள் நம்மோடு தேர்வு எழுதினால் நம் மதிப்பெண் குறையும் என்று பலர் அஞ்சுவது தவறு. கணக்கில் எடுத்துக்கொள்வது தாளின் கடினத்தைத்தான்.

முறை நியாயமானதே. ஆனால் அளவுகோலின் உச்சியில்தான் சிக்கல் எழுகிறது. கணிதத் தாளில் 58 வினாக்கள் என்று கொள்வோம். தாள் கடினமானால், 57 சரியாக எழுதியவருக்கும் 800 கிடைக்கலாம். தாள் எளிதானால் அதே 57-க்கு 770 மட்டுமே கிடைக்கலாம். எளிய தாளில் வல்லவர்களைப் பிரித்துக் காட்டும் கடினமான கேள்விகள் குறைவு. அங்கே 800-க்கும் 770-க்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அறிவின் வேறுபாடு அன்று; ஒரு நொடிக் கவனக்குறைவின் வேறுபாடு.

2018 ஜூன் மாதத் தேர்வில் இதுதான் நடந்தது. கணிதத் தாள் வழக்கத்தைவிட எளிதாக இருந்தது. முந்தைய தேர்வைவிடக் குறைவான தவறுகள் செய்த மாணவர்கள் சிலர், அதைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றுத் திகைத்தனர். திருத்தி வழங்கக் கோரினர். சமன்படுத்தும் முறை சரியே என்று காலேஜ் போர்டு மறுத்துவிட்டது.

உச்சி என்பதும் நிலையானதன்று. 1941-இல் தேர்வு எழுதியவர்களின் சராசரியை 500 என வைத்து மொழிப் பிரிவின் அளவுகோலை அமைத்தார்கள். பிற்காலத்தில் பலதரப்பட்ட மாணவர்கள் பெருமளவில் எழுதத் தொடங்கினர். 1990-களின் தொடக்கத்தில் மொழிப் பிரிவின் சராசரி 430-க்கும் கீழே இறங்கியிருந்தது. 1995-இல் அதை மீண்டும் 500-க்கு அருகே கொண்டுவந்தபோது, பழைய 730 முதல் 800 வரையிலான எட்டுப் படிகளும் 800 என்ற ஒரே படியாகிவிட்டன. மாணவர்களின் திறமை ஓரிரவில் உயரவில்லை. அளவுகோலைத்தான் மாற்றினார்கள்.

2024 முதல் அமெரிக்காவில் இத்தேர்வு கணிப்பொறியில் நடைபெறுகிறது. முதற் பகுதியை மாணவர் எவ்வாறு செய்தார் என்பதைப் பொறுத்து இரண்டாம் பகுதி கடினமாகவோ எளிதாகவோ அமையும். ஒரே எண்ணிக்கையில் தவறு செய்த இருவர் ஒரே மதிப்பெண் பெறுவர் என்று இப்போது சொல்ல முடியாது. ஆயினும் உச்சி அதே 800-தான்.

எந்தக் கருவிக்கும் பிழை எல்லை உண்டு. முன்பு காகிதத்தில் நடந்த தேர்வில், ஒரு பிரிவின் மதிப்பெண் ஏறத்தாழ 30 கூடவோ குறையவோ இருக்கலாம் என்று காலேஜ் போர்டே கூறியது. அப்படியானால் 770-ஐயும் 800-ஐயும் வெவ்வேறு தரமாக எண்ணுவது, துணிக்கடை அளவுகோலால் தலைமயிரின் கனத்தை அளப்பதற்கு ஒப்பாகும். ஆகவே குறை சமன்படுத்தும் கணிதத்தில் இல்லை. தோராயமான ஓர் அளவைத் துல்லியமானதாக எண்ணி, அதை வைத்து மாணவரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதே குறை. மதிப்பெண்ணை அதன் பிழை எல்லையோடு சேர்த்துப் படிக்கும் பழக்கம் கல்லூரிகளுக்கு வரவேண்டும். ஒரு கேள்வியில் தவறிய மாணவரும் தம் மதிப்பெண்ணை அப்படியே பார்க்க வேண்டும்.